குண்டாற்று மணலும் பட்டறையில் செய்த பீட்லாக்கும்

இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன். மணலில் ஜீப் ஓட்ட, பட்டறையில் பீட்லாக் செய்து மாட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். என் கூட்டாளி சாகுல் மாட்டினான். போன சனிக்கிழமை இருவரும் ஓட்டிப் பார்த்தோம்.

சாகுல் வீரசோழன்காரன், வளைகுடாவில் பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவன், விடுமுறைக்கு வந்திருக்கிறான். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் வண்டி புதையாது. ஆனால் ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அப்படிக் கழலாதபடி டயர் விளிம்பை இரும்பு வளையம் வைத்துப் போல்ட் போட்டு இறுக்குவதுதான் பீட்லாக். கடையில் விலை கட்டுப்படியாகாது. அருப்புக்கோட்டையில் போர்வெல் குழாய்க்கு வளையம் வெட்டும் பட்டறையில், நான்கு சக்கரத்துக்கும் பதினாலாயிரத்தில் முடித்துவிட்டான்.

வீட்டில் காற்றடித்துச் சோதித்தபோது, அவன் மனைவி பாத்திமா வளையத்தருகே முகத்தை வைத்துச் சோப்புத் தண்ணீர் தடவினாள். குமிழி வந்த இடத்தையெல்லாம் சாகுல் இறுக்கினான். போர்வெல் குழாய் கசிந்தால் இந்தப் பக்கத்தில் இப்படித்தானே செய்வோம்? எனக்கும் தப்பாகப் படவில்லை.

காலை ஆறு மணிக்கு அருப்புக்கோட்டையில் கிளம்பி, அரை மணியில் திருச்சுழி குண்டாற்றில் இறங்கினோம். முப்பதில் இருந்த காற்றைப் பத்துக்கு இறக்கினான். சும்மா சொல்லக்கூடாது, சாதாரண ஜீப் புதைகிற மணலில் வழுக்கிக்கொண்டு போனது. டயர் இம்மி நகரவில்லை.

தார் ரோட்டுக்கு ஏறுமுன் மறுபடி காற்றடிக்க வேண்டும். கரையில் நிறுத்தி, பேட்டரியில் கம்ப்ரசரை மாட்டிவிட்டு, முன்சக்கரத்துக்கு நேரே குந்தினான். கொஞ்ச நேரத்தில் எதுவோ தெறித்துப் பின்னாலிருந்த கருவேல மரத்தில் பட்டது. போய்ப் பார்த்தேன். போல்ட்டின் தலை.

"ஏலே, எந்திரி. தள்ளி வா."

"கல்லுதாம்லே தெறிச்சிருக்கும். இன்னும் நாலு பாயிண்டுதான்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஓரமாகச் சாய்ந்தவன் என் கையைத் தட்டிவிட்டு முறைத்தான். அப்போதுதான் அடுத்த போல்ட் போனது, அதுவரை அவன் தலை இருந்த உயரத்தில். பேட்டரி வயரைப் பிடுங்கினேன். கம்ப்ரசர் நின்றதே தவிர டயருக்குள் காற்று அப்படியே இருந்தது. வளையம் ஒரு பக்கம் பிதுங்கி நின்றது. இருவரும் பத்தடி பின்வாங்கினோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். "டயரு என்ன நல்ல பாம்பா? இம்புட்டுத் தூரம் தள்ளி நிக்கிறீக?"

"அதவிட மோசம்க்கா. கிட்டப் போயிராதீக. அந்தத் தொரட்டிய மட்டும் குடுங்க" என்றேன்.

ஆட்டுக்குக் கருவேலங்காய் பறிக்கும் நீளக் கம்பு அது, நுனியில் கொக்கிபோல் வளைந்த அரிவாள். பம்பருக்கு முன்னால் ஒதுங்கி நின்று, வால்வில் கொக்கியை மாட்டி சாகுல் இழுத்தான். மூன்றாவது இழுப்பில் வால்வு அறுந்தது. சீறலெல்லாம் அடங்கிய பிறகுதான் கிட்டப் போனோம்.

கழற்றினால், இன்னும் மூன்று போல்ட் பாதி அறுந்திருந்தன. கசிவை நிறுத்துகிறோம் என்று இறுக்கி இறுக்கியே அவற்றைக் கொன்றிருக்கிறோம். ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீரசோழன் போனோம்.

குண்டாற்றுக்குப் போகிறவர்கள் சாதாரண ரிம்மிலேயே போங்கள். காற்றைப் பதினெட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், வளைவில் மெதுவாகத் திருப்புங்கள், அது போதும். பீட்லாக் வேண்டுமென்றால் காசு சேர்த்து, சோதித்து விற்பதை வாங்குங்கள். எந்த டயருக்கும் நேரே குந்திக் காற்றடிக்காதீர்கள்.

வீட்டு வாசலில் பாத்திமா குவளையோடு நின்றாள். "மறுபடி கசிவு பாக்கச் சோப்புத் தண்ணி கரைச்சு வச்சிருக்கேன் மச்சான். வண்டி எங்க?"

சாகுல் குவளையை வாங்கித் தண்ணீரைத் தெருவில் கொட்டினான். பிறகு, அன்று வளையத்தருகே குனிந்திருந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.