திண்டிவனம் ஆஸ்டலில் பினாயில் இல்லாத பத்து நாள்

நம் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுதத்தான் வழியில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வார்டனம்மா கண்ணில் பட்டால் என் கதி அவ்வளவுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் எட்டாவதோடு சரி. எனக்குத் திண்டிவனத்தில் ஒன்பதாவதில் இடம் கிடைத்தது. ஆனால் ஆஸ்டலில் கக்கூஸ் தொட்டி தாங்கமுடியாமல் நாறுகிறது என்று வீட்டுக்குச் சேதி வந்தது. அப்பா பஞ்சாயத்து யூனியனில் சாக்கடை, தொட்டி வேலைகளைப் பார்க்கும் ஓவர்சீயர் என்பது உங்களுக்குத் தெரியும். "நானே வந்து பார்க்கறேன். சரியாகலன்னா பெட்டியத் தூக்கிக்கினு திரும்பிட வேண்டியதுதான்" என்றார். திரும்பினால் என் படிப்பு அதோடு நின்றுவிடும்.

கண்டாச்சிபுரத்தில் காலை ஆறரை பஸ். மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்கு நடுவில்தான் இடம் கிடைக்கும், கூச்சப்படாமல் ஏறி உட்காருங்கள். விழுப்புரம் ஜங்ஷனில் இட்லி நன்றாக இருக்கிறது. அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு எழுபது நயா பைசா. ஜன்னலோரம் கரித்தூள் கண்ணில் விழும். இருந்தாலும் ஜன்னலை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மயிலம் தாண்டியதும் பெட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் குதிரை வண்டிக்காரர் ஆஸ்டல் பெயரைக் கேட்டதும், "தெருமுனையோட எறங்கிக்குங்க சார். நான் வருவேன், என் குதிர வராது" என்றார். நிஜமாகவே அது முனையில் நின்றுவிட்டது.

அப்பா தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். தினமும் எவ்வளவு பினாயில் ஊற்றுகிறீர்கள் என்று வார்டனம்மாவைக் கேட்டார். ஒரு பாட்டில் என்றும், நாற்றம் கூடியதால் இரண்டாக்கியதாகவும் அவர் பெருமையாகச் சொன்னார்.

"உள்ள இருக்கிற கிருமிங்கதான் அசிங்கத்தத் தின்னு கரைக்குது. நீங்க அதுங்களக் கொன்னுட்டீங்க மேடம்."

"சுத்தமா வச்சிக்கிறது கூட தப்பா சார்?"

அப்பா பம்பு வைத்துப் பாதித் தொட்டியைக் காலி செய்ய வைத்தார். பிறகு இரண்டு வாளி சாணியைக் கரைத்து உள்ளே ஊற்றச் சொன்னார். அதில் உள்ள கிருமிகள் தொட்டிக்குள் பெருகுமாம். பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வார்டனம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாளைக்குப் பினாயில் ஒரு சொட்டு கூடாது, பதினோராம் நாள் வந்து முடிவு சொல்கிறேன் என்று சொல்லி, என்னை அங்கேயே விட்டுவிட்டு அப்பா கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் கக்கூஸ் கழுவும் முறை எனக்கு வந்தது. துடைப்பத்தோடு நின்ற என் கையில் வார்டனம்மா பினாயில் பாட்டிலைக் கொடுத்தார். கொஞ்சமாக ஊற்று, உன் அப்பாவுக்குத் தெரியவா போகிறது என்றார். அவர் பிரம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு முதல் நாளே மற்றப் பெண்கள் காட்டியிருந்தார்கள்.

"ஊத்தினா நான் ஊருக்குப் போயிடணும் மேடம்" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "மூக்க சிந்திட்டு வேலயப் பாரு" என்றார்.

பதினோராம் நாள் அப்பா மூடியைத் திறந்தபோது நான் பெட்டியோடு நின்றேன். உள்ளே குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. "சோறு கொதிக்கிற மாதிரி கொதிக்குது பாரு" என்று சிரித்தார். நாற்றம் ஏறக்குறைய இல்லை. கை கழுவிக்கொண்டு, பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

சாணி ஊற்றிய விஷயம் வெளியே போகக்கூடாது, ஆஸ்டல் மானம் போய்விடும் என்று வார்டனம்மா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்தப் போர்வையும் டார்ச்சும். இதைப் படித்துவிட்டு ஆசிரியர்கள் யாரிடமும் காட்டாதீர்கள்.

இங்கே படிக்க வருகிறவர்கள் பூட்டுள்ள தகரப்பெட்டி, சொந்த வாளி, இரண்டு துண்டு கொண்டுவாருங்கள். ராத்திரி கேப்பைக் கூழ் போடுவார்கள், பழகிவிடும். முதல் சில நாள் பயமாகத்தான் இருக்கும். நான் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு பாய் விரிக்கலாம்.