மியூசியத்தில் எங்கள் மரம்

தொண்ணூறுகளில், நான் எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் எங்களைச் சென்னை மியூசியத்துக்கு அழைத்துப்போனார்கள். பண்பாட்டு வரலாற்றுக் கண்காட்சி என்று டீச்சர் சொன்னதில் எங்களுக்குப் புரிந்தது வேன் சவாரி மட்டும்தான். செப்புச் சிலை, பழைய காசு, முதுமக்கள் தாழி என்று பார்த்துக்கொண்டே போனோம். கடைசிக் கூடத்தில் கடற்கரை மக்கள் என்று எழுதி, சுற்றிக் கயிறு கட்டி, ஒரு கட்டுமரத்தை வைத்திருந்தார்கள்.

அட, நம்ம குப்பத்துச் சாமானுக்கு இவ்வளவு மரியாதையா என்று சிரித்தபடி கிட்டே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முனைக்கட்டையில் உளியால் கொத்திய மீன்வால். அதில் ஒரு பக்கம் கோணல். அப்பா கொத்தும்போது நான் அவர் முதுகில் ஏறித் தொங்கியதால் வந்த கோணல் அது. கரை ஒதுங்கியது என்று பக்கத்தில் இருந்த அட்டை சொன்னது. எந்த ஊர்க் கரை என்று படிக்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது.

அதற்கு முந்தின கார்த்திகையில் அப்பா அந்த மரத்தில்தான் கடலுக்குப் போனார். புயலில் ஆளும் வரவில்லை, மரமும் வரவில்லை. எங்கள் குப்பத்தில் உடலோ மரமோ, இரண்டில் ஒன்று கரை சேர்ந்தால்தான் சாவு என்று பேர். அதுவரை பெண்டாட்டி தாலியைக் கழற்ற வேண்டாம். மரம் கிடைத்துவிட்டால் ஊர்ப் பெண்கள் கூடி வளையலை உடைத்துவிடுவார்கள். பாழாய்ப்போன வழக்கம். ஆனால் அதுதான் அம்மாவைப் பூவும் பொட்டுமாக வைத்திருந்தது.

கூட வந்த குப்பத்துப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வேன் நின்றதும் சொல்ல ஓடினார்கள். நான் வீடு சேருவதற்குள் பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா அழவில்லை. தன் கண்ணால் பார்க்காமல் யாரும் கிட்டே வரக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அம்மாவும் நானும் மாமாவும் போனோம். மாமா அவளுடைய அண்ணன். அப்பாவோடு அதே மரத்தில் தொழிலுக்குப் போனவர், புயலன்று மட்டும் போகாதவர். அம்மா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். காவலாளி அதட்டியது அவள் காதில் விழவில்லை. மீன்வாலைத் தடவினாள். கோணலில் விரல் நின்றது. பிறகு திரும்பினாள்.

"நம்ம மரம் இல்லண்ணா. வா, போலாம்."

மாமா என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். அவருக்கா தெரியாது? "ஆமாம்மா, நம்மளுது இல்ல. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

திரும்பும்போது முட்டுக்காடு தாண்டியதும் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். உடம்பெல்லாம் குலுங்கியது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "திருவிடந்த வந்தா சொல்லு. கண்ணத் தொடச்சிக்கணும்" என்றாள். அங்கிருந்து ஏறுகிறவர்கள் எல்லாம் எங்களைத் தெரிந்தவர்கள்.

திருவிடந்தை வந்தது. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.