ஆடிய எழுத்துகள்

முகப்பேர் கேக் கடைப் பலகையில் ஒல்லி எழுத்துகள் குதித்துக்கொண்டிருந்தன. இந்த எழுத்துரு கணினிக்கென்று விலைக்குக் கிடைக்கிறதாம்.

அறுபதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸ் நாடகத்துக்கு அக்கா இப்படித்தான் கையால் பலகை எழுதினாள். பலகை சிறியது, நாடகத்தின் பெயர் நீளம். அதனால் எழுத்துகளை இளைக்கவைத்து ஆடவிட்டாள்.

“இன்னா பாப்பா, எழுத்து குடிச்சிட்டு ஆடுது? நேரா எழுதணும், அதான் முறை” என்றார் நாடக மன்றச் செயலாளர்.

“நேரா எழுதினா இடம் பத்தாது மாமா.”

“அத்த கமிட்டி பாத்துக்கும்.”

கமிட்டி அதன்மேல் வெள்ளையடித்து, தடித்த எழுத்தில் எழுதியது. பாதிப் பெயரிலேயே பலகை தீர்ந்தது. மீதியைச் சுவரில் எழுத முறைப்படி விண்ணப்பித்தார்கள். நாடகம் முடிந்தபின் முறைப்படி அனுமதி வந்தது. அக்கா அதன்பின் பிரஷ்ஷைத் தொடவில்லை.

கடைப் பலகையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

“இதுக்கு எந்தக் கமிட்டிடா அனுமதி குடுத்துச்சு?” என்று பதில் வந்தது.