அப்பாவின் டிராக்டர் எந்த நாட்டு வண்டி?

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களில் பலர், சந்தில் நிற்கும் டிராக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்திருப்பீர்கள். "இதுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேன்னாராமே?" என்று சிலர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை மகள் என்ற முறையில் எழுதி வைக்கிறேன்.

அப்பா வில்லியனூரை அடுத்த சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளவயதிலேயே புதுச்சேரிக்கு வந்து பஞ்சாலையில் சேர்ந்தார். ஆலை மூடப்பட்ட பிறகு, பிறருடைய டிராக்டர்களைக் கூலிக்கு ஓட்டி அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். குடித்துவிட்டு வண்டியில் ஏறாதவர், டீசலில் கை வைக்காதவர் என்று பெயரெடுத்தார். அம்மா காலமானபின் கருவடிக்குப்பத்தில் என் வீட்டில் இருந்தார்.

ஓய்வாக இருக்க வேண்டிய வயதில், விழுப்புரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லின் பின்புறம் கிடந்த பழைய டிராக்டரை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு சிலிண்டர் வண்டி. பெயர்த் தகடு இல்லை. விற்றவர் ரஷ்ய வண்டி என்றார். அப்பா அதை ஏற்கவில்லை. முன்பக்கத்தைத் தடவியபடி, "இது செக்கோஸ்லோவாகியா, பாப்பா. ரஷ்யாக்காரன் வண்டிக்கு மூக்கு இப்படி இருக்காது" என்பார்.

எஞ்சினில் ஹெட் கேஸ்கட், அதாவது மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு, போயிருந்தது. ரஷ்ய வண்டிக்கு உரியது என்று அண்ணன் வாங்கி வந்த கேஸ்கட்டில் துளைகள் பொருந்தவில்லை. என்ன வண்டி என்று உறுதியாகத் தெரியாமல் வேறொன்றை வரவழைக்கவும் வழியில்லை.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. இதய வால்வு பழுதாகிவிட்டது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரி மருத்துவர் சொன்னார்.

"என்ன வண்டின்னு தெரிஞ்சு, ஒரு தடவ ஸ்டார்ட் ஆவட்டும். அப்புறம் போறேன்" என்றார் அப்பா.

"வண்டி எங்கியும் ஓடிப்போவாதுப்பா."

"நான் போயிட்டா?"

என் குழந்தையை அவர் மடியில் உட்காரவைத்துக் கெஞ்சினேன். பேத்தியைக் கொஞ்சினாரே தவிர மனம் மாறவில்லை.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து உதவி கேட்டேன். எஞ்சின் நம்பரையும் பழைய நிறத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் எண் எங்கே என்றே தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் மட்டும் கையகலத்துக்குப் பழைய நிறம் மிஞ்சியிருந்தது. காலையில் வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஆயுத பூஜை. நான் எழுவதற்குள் அண்ணன் வந்து, கம்பி பிரஷ்ஷால் வண்டி முழுவதையும் சுரண்டி, சிவப்பு பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாருடா உன்னக் கேட்டா?"

"நல்ல நாளும் அதுவுமா துருவோட நிறுத்தி சூடம் காட்ட முடியுமாப்பா?"

அப்பா மார்பைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நான் ஆட்டோவைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் இன்னும் கோபப்படுவாரா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பூஜைக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அப்பாவிடம் பேச்சுக் கொடுத்து நிலைமையை மாற்றப் பார்த்தார். "ஏன்டா தம்பி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சிருக்கியே, வண்டி ஏறி நசுக்குமா, இல்ல நாங்க மிதிச்சிட்டுப் போவணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

வண்டிக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. பதற்றத்தில் சந்தனத்தை நீர்க்கக் கரைத்துவிட்டேன். எஞ்சின் பக்கவாட்டில் வைத்த பொட்டு வழிந்தது. துணியால் துடைத்தேன். மேலே இருந்த சந்தனம் போய்விட, பள்ளங்களில் தங்கியது மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

"அப்பா, இங்க நம்பர் மாதிரி இருக்கு!"

அப்பா மூச்சு வாங்க எழுந்து வந்தார். இன்னும் சந்தனம் பூசித் துடைத்தோம். வரிசையாக எண்கள் தெரிந்தன. ஓர் இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று புரியவில்லை. தவறாகப் படித்தால் மறுபடியும் தவறான கேஸ்கட் வரும், அப்பாவின் சிகிச்சையும் தள்ளிப்போகும். பல கோணங்களில் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். லூதியானாவிலிருந்து ஒருவர் மூன்று என்று உறுதி செய்தார். செக்கோஸ்லோவாகியாவில் செய்த வண்டி என்றும் எழுதியிருந்தார். கேஸ்கட்டையும் அவரே அனுப்பிவைத்தார்.

அது வந்து பொருத்திய அன்று அப்பா சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் ஸ்டார்ட் செய்தார். நான் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்புகை கக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"போதும், நிறுத்துடா. பாப்பா, பைய எடு. போலாம்."

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தார், பேசினார். பிறகு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. வீடு திரும்பவில்லை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வற்புறுத்தி அழைத்துப் போயிருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை.

ரத்தம் கொடுத்த அண்ணனின் நண்பர்களுக்கும், வார்டுக்குச் சோறு கொண்டுவந்த அத்தைக்கும், முகம் பார்த்திராத லூதியானாக்காரருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருவாசிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வார்டில் அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவரின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஊர் எது, என்ன தொழில் என்று அவர்தான் அப்பாவை விசாரித்தார்.

"கருவடிக்குப்பம்" என்றார் அப்பா. "சொந்தமா டிராக்டர் வச்சிருக்கேன். செக்கோஸ்லோவாகியா வண்டி."