அத்தையின் இடது கை

அத்தையின் ரெக்ஸின் பையில் லேமினேட் செய்த ஓர் அட்டை இருந்தது. அதில் ஒரு பெண்ணின் முகம் மூக்கு நடுவே கோடு கிழித்ததுபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி கறுப்பு, மறு பாதி பால்வெள்ளை. கறுப்புப் பாதியில் உதடு தொங்கிக்கிடக்கும். வெள்ளைப் பாதியில் அதே உதடு சிரிக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் கறுப்புப் பக்கத்துக் காது மூளியாக இருக்கும், வெள்ளைப் பக்கத்துக் காதில் ஜிமிக்கி ஆடும். க்ரீம் போட்டால் ஜிமிக்கியும் முளைக்குமா அத்தை என்று கேட்டேன். அத்தை யோசிக்கவே இல்லை. "அது பெரிய டப்பா வாங்குறவங்களுக்குடி" என்றாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே நல்ல கறுப்பு. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "நெறம் மட்டும் கொஞ்சம் கம்மி" என்று சொன்னார்களாம், ஏதோ குழம்பில் புளி கம்மி என்பதுபோல. அத்தை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற யாருக்கும் அந்தப் புளி தூக்கலாக இருக்க வாய்ப்பில்லை. அங்கே வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தியில் விளைந்த உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். முகவாய்க்கு அடியில், மூக்கின் அடியில், குடைக்கும் முக்காட்டுக்கும் எட்டாத இடத்தில் எல்லாம் கறுக்கும். அப்படியிருந்தும் அங்கே ஒரு தரவரிசை உண்டு. ஒருத்தி 'கலரு', ஒருத்தி 'மாநிறம்', ஒருத்தி 'பரவால்ல'. வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அந்த அளத்தில் கூடை சுமந்து சுமந்து வெறுத்துப்போய்த்தான் அத்தை க்ரீம் விற்க வந்தாள். புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்குவாள். வெள்ளை டப்பா, அதில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது. எக்கியார்குப்பம் வரைக்கும் நடந்தே போய் விற்பாள். மாமா காலமான பிறகு அந்தப் பைதான் அவளுடைய சோறு. பை காலியானால் மறுபடியும் அளம். அத்தைக்கு இருந்த ஒரே பயம் அதுதான். பயந்தவள் மாதிரி மட்டும் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

கல்லூரி முதல் வருடம் முடித்து, கெமிஸ்ட்ரி தலைக்கேறி, பார்க்கிற தண்ணீருக்கெல்லாம் பிஹெச் எவ்வளவு இருக்கும் என்று நான் அலைந்துகொண்டிருந்த கோடை அது. அம்மா வேலை செய்த அளத்துக்கு ஒருநாள் அத்தையோடு நானும் போனேன். டீ குடிக்கிற நேரம். கீற்றுக் கொட்டகையில் பெண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, அதுதான் அங்கே சீருடை. அத்தை அட்டையை எடுத்து நீட்டினாள். பெரிய முதலியார்சாவடியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த சாவடிக்கார அக்கா அதை வாங்கிப் பார்த்தாள், அத்தையையும் பார்த்தாள்.

"ஏன்கா, இத்தினி வருசமா விக்கிற. நீ போட்டுக்கலியா?"

"ஸ்வீட் கடைக்காரன் எப்பனா ஸ்வீட் துன்னு பாத்துக்கிறியா?"

"அதெல்லாம் கெடக்கட்டும். நீ போட்டுக் காட்டு. வெளுத்தா நாங்க அத்தினி பேரும் வாங்குறோம். நெழல்ல குந்திக்கினு காட்டக் கூடாது. எங்ககூட அளத்துல நின்னு காட்டணும்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கையில் மட்டும் போடுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும் என்று எழுந்து நின்று விளக்கினேன். பெண்களுக்கு ஒரே குஷி. பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி வரை என்று முடிவானது. இடது கை என்று அத்தையே தேர்ந்தெடுத்தாள். "சோத்துக்கைய வுட்டுடுங்கடி" என்றாள். ஒரு மாதம் அளத்தில் நின்றுவிட்டால் இனி என்றைக்கும் நிற்க வேண்டாம். அவளுக்கு அது லாபமான பேரமாகத்தான் பட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், கை வெளுத்தது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோல் உரித்த பனங்கிழங்கு மாதிரி ஆகத் தொடங்கியது. நான் சாயங்காலம்தோறும் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து செல்போனில் படம் பிடித்தேன். நோபல் பரிசு திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருப்பதாகவே எனக்கு நினைப்பு. அத்தை மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கூடையை வலது கையால் மட்டும் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் இடது கையை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். தொட்டுப் பார்த்தேன், சுடு டீ ஊற்றிய டம்ளர் மாதிரி கொதித்தது. நிறுத்திவிடலாம் என்றேன். "நீ சும்மா இரு. பௌர்ணமி வரட்டும்" என்றாள்.

பௌர்ணமிக்கு மறுநாள் கொட்டகையில் இரண்டு கைகளையும் பலகைமேல் நீட்டினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு, என் மருமவளுக்கு ஒண்ணு. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். பெருமுக்கல்லில் மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை கலராம். அத்தை பைக்குள் கையை விட்டாள். அவள் வாழ்க்கையிலேயே பெரிய வியாபாரம். நான் கையைத் தட்டவே தயாராகிவிட்டேன். பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

"தரேன். ஆனா கேட்டுக்கோங்க. இத போட்டா உப்புத் தண்ணில கை வெக்கக் கூடாது. வெயில்லயும் வரக் கூடாது."

சாவடிக்கார அக்கா சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் உப்புத் தண்ணீர், அதற்கு மேலே வெயில்.

"அப்ப இத பூசிக்கினு நாங்க இன்னா கலெக்டர் வேலைக்கா போறது?"

கொட்டகையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. அத்தையும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பாத்தி ஓரம் குந்தி, இடது கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டியது. சாவடிக்கார அக்கா குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அந்தக் கையில் கவிழ்த்தாள். "அறிவு கெட்டவளே, ஒரு மாசமா இப்டியா எரிஞ்சிக்கினு இருந்த?"

ஒரு டப்பாகூட விற்கவில்லை. அத்தை அந்த வருடம் முழுக்க அளத்தில்தான் நின்றாள், பயந்தது போலவே. கல்யாணப் பெண் மட்டும் ஒருநாள் பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து, எனக்கு மட்டும் ஒண்ணு குடு சித்தி, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றாள். அத்தை திட்டவில்லை. கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் தொட்டாள், பிறகு டீ குடித்தாள், போய்விட்டாள். கல்யாணத்தன்று பார்லர்காரி அவள் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி அடித்திருந்தாள். நான் முணுமுணுத்தேன். "கழுவுனா போயிடும், வுடு" என்று அத்தை பாயசத்தைக் கவனித்தாள்.

பை மறுபடியும் திறந்தது சாவடிக்கார அக்காவால்தான். மூஞ்சிய வுடு, இதுக்கு எதுனா இருந்தா குடு என்று அவள் ஒருநாள் குதிகாலைக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மருந்துக்கடையில் கேட்டு அத்தை ஒரு களிம்பு வாங்கினாள், தன் காலில் போட்டுக்கொண்டு அளத்தில் நின்று பார்த்தாள், அதன் பிறகே பையில் வைத்தாள். அப்புறம் கறுப்புக் கண்ணாடி, துணித் தொப்பி, கையுறை. அடுத்த சீசனில் கூடையை இறக்கிவைத்தவள்தான், மறுபடி தூக்கவே இல்லை. அவள் நல்லது என்றால் அளத்தில் மறுபேச்சு இல்லை. கெட்டது என்று சொன்னதையும் அவர்கள் கேட்டிருக்கிறார்களே.

நான் இப்போது சென்னையில், க்ரீம்களைச் சோதிக்கிற ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வெள்ளையாக்கும் பொருளுக்குக் குறைவே இல்லை. சீரம், மாத்திரை, ஊசி. செல்போன்கூடக் கேட்காமலேயே நம்மை வெளுப்பாக்கிப் படம் எடுக்கிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பையன் டை கட்டிக்கொண்டு அத்தையைத் தேடி வந்தான். உள்ளே இருந்தே வெளுக்க வைக்கும் மாத்திரையாம், அத்தை விற்றுத் தர வேண்டுமாம். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இங்கியே தங்கிக்க தம்பி. பாய் தரேன், சோறு போடறேன். காலைல எங்க பொம்பளைங்ககூட அளத்துல எறங்கு. பௌர்ணமி வரைக்கும் நீ துன்னு காட்டு. அத்தினி பேரையும் நான் வாங்க வெக்கிறேன்."

அவன் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டீயைக் குடித்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மா, அந்தக் கால் வெடிப்பு மருந்து ஒண்ணு குடுங்க. எங்க அம்மா மீன் கழுவுற எடத்துல வேல செய்றாங்க" என்றான். அத்தை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்தாள். அவன் வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போன பிறகும் பின்னாலிருந்து கத்திச் சொன்னாள்:

"தண்ணில கால் வெக்கலாம்னு சொல்லு."