இலை விபூதியும் ஒரு வாய் தண்ணீரும்

என் மதினி விஜயஸ்ரீ பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்து யார் எதற்குக் கிளம்பினாலும் திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியை நெற்றியில் பூசி, நாக்கிலும் ஒரு சிட்டிகை வைத்து, மேலே ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார். என் கல்லூரித் தேர்வுகளெல்லாம் அந்தச் சாம்பல் ருசியோடு எழுதியவை.

அண்ணன் மகேஷுக்குக் குடலிறக்க ஆபரேஷன். வெறும் வயிறாக இருக்கச் சொன்னதால் காப்பிகூடக் குடிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வருமுன் மதினி இலையைப் பிரித்தார்.

"ஏட்டி, ஆபரேசன் பண்ணப்போறது டாக்டரா, முருகனா?"

"ரெண்டு பேருந்தான். வாயத் தொறங்க."

மயக்கம் கொடுத்தபின் அண்ணன் கண்விழிக்கவே இல்லை. மூச்சுக்காக வைத்த குழாய் உணவுக்குழாயில் போய்விட்டது, அதை உரிய நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை என்பது எங்கள் வழக்கு. நோயாளி எதையோ சாப்பிட்டிருந்தார், அதுதான் மேலேறி மூச்சை அடைத்தது என்பது மருத்துவமனையின் பதில். அதைப் படித்த நாளிலிருந்து மதினி யாருக்கும் விபூதி பூசுவதில்லை.

எங்கள் வக்கீல் தேவமணி எவ்வளவோ சொன்னார். "ஒரு மடக்குத் தண்ணி உயிர எடுக்காதுக்கா."

"எடுத்திருந்தா?"

"அவுக கேட்டா உள்ளதச் சொல்லுங்க. பயப்படாதீங்க."

நுகர்வோர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலிலேயே அதைத்தான் கேட்டார். "அன்னைக்குக் காலைல எதுவும் குடுத்தீங்களாம்மா?"

மதினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு இருந்தது.

"விபூதியும் ஒரு வாய் தண்ணியும் குடுத்தேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வழக்கு போய்விட்டது என்றே நினைத்தேன்.

தேவமணி எழுந்தார். "தியேட்டருக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னால, என்ன சாப்பிட்டாரு, என்ன குடிச்சாருன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல. மயக்க டாக்டர் மொகத்தையே நான் இங்கனதான் பாக்கேன்."

மயக்க டாக்டர் தலை நிமிரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமாக வேறு தேதி கேட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். நல்லாச் சொன்னீங்க என்று தேவமணி கையைப் பிடித்தார். மதினி என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேம்லா, தில்லை?"

"சொல்லியிருப்பிய மதினி."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இன்று மாலையும் போனில் அதையேதான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன்.