பலூன் வெடிக்கும் சலூன்

வாளியில் வெந்நீர் ஆறிப்போனதும் அவர் கைகளை வெளியே எடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்க்கிறார். கட்டைவிரல் சொன்னபடி கேட்கிறது. ஆட்காட்டி விரல் பாதி தூரம் வந்து அடம்பிடிக்கிறது. "இவன் இன்னைக்கும் லீவு போட்டுட்டான் சார்" என்று அந்த விரலை என்னிடம் காட்டுகிறார். நான் முடி வெட்டிக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டப்போவது அவருடைய மனைவி.

சலூன்காரரான அவருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். ஒற்றை நாற்காலி, ஓரத்தில் ரசம் போன கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, இவ்வளவுதான் சலூன். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்த டாக்டர் ஊசி வலிக்காமல் போடுவார், எல்லாம் அங்கே ஒலிபரப்பாகும். நிறுத்தத்தான் பொத்தான் கிடையாது.

மழைக்குப் பிறகு கொசுக் காய்ச்சல் வந்து தெருவையே பாயில் சுருட்டிப் போட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது. மூட்டுவலி மட்டும் வந்த இடம் பிடித்துப்போய்த் தங்கிவிட்டது. மாசக்கணக்கில் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மாதச் சம்பளக்காரர்கள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முனகினார்கள். ரேடியோ யாரிடம் எழுதிக் கொடுப்பார்?

அவர் வீட்டம்மாவையும் காய்ச்சல் விடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு வீடுகளிலும், "குழந்தைங்க இருக்கிற இடம், கொஞ்ச நாள் வராதே" என்று சொல்லிவிட்டார்கள். கொசுவுக்கு யாரும் அப்படித் தடை போட்டதாகத் தெரியவில்லை. இப்போது அவர் வீங்கின கணுக்காலுடன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று முடி வெட்டுகிறார். "அவருக்குக் கை, எனக்குக் கணுக்கால். சண்டையில்லாம பங்கு பிரிச்சுக்கிட்டோம்" என்கிறார். அம்மா சலூனில் நிற்பதால் மூத்த பெண் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நிற்கிறாள். சின்னவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

முதலில் ஆண்கள் நெளிந்தார்கள். வீட்டம்மா வெட்டும்போது பேசுவதில்லை. வெட்டுக்கு வெட்டு கத்தரியை ஆகாயத்தில் ஆட்டி ஓசை எழுப்புவதுமில்லை. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் நம் ஆட்களுக்கு முடி வெட்டின திருப்தியே வராது. அதனால் ரேடியோ பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு செய்தியும் வாசித்து, இடையிடையே வாயாலேயே "கிச் கிச்" என்று சத்தமும் கொடுக்கிறார். "காதோரம் கொஞ்சம் ஏத்து. அவசரப்படாதே, தலை எங்கேயும் ஓடிடாது" என்று நடுவில் பாடமும் நடக்கிறது. முடி வெட்டும் விவகாரம் இப்படி ஒருவாறு சமாளிக்கப்பட்டுவிட்டது.

சிக்கல் சவரத்தில். முடிக்கு ஒருவன் எப்போதோதான் வருவான். தினமும் அடுப்பு எரிவது சவரத்தால்தான். "சேவிங்குக்கே ஆள் வராத சலூன் எதுக்குப்பா? மாசம் முடியட்டும், போன் ரிப்பேர்காரருக்கு விட்டுடறேன்" என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனிதர்தான், கணக்கு தெரிந்த நல்ல மனிதர்.

மனைவிக்குக் கத்தி பழக்க ரேடியோ பலூனை ஊதினார். அதன்மேல் சோப்பு நுரை பூசி, வெடிக்காமல் வழித்தெடுக்க வேண்டும். அந்தத் தொழிலில் பழைய பயிற்சி அது. பின்கட்டில் செய்திருக்கலாம். மனிதர் கடை நடுவிலேயே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தார். பட்டென்று ஒன்று, பட்டென்று இன்னொன்று. தெரு முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் தாடி செழித்தது. என்னுடையதும்தான்.

நேற்றுக் காலை லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். கடையின் பழைய வாடிக்கை அவர்.

"கை சரியாயிடுச்சாண்ணே?"

"என் கை கிடக்குது. அவ போடுவா, வந்து உக்காருங்க."

டிரைவர் தரையில் கிடந்த பலூன் துணுக்குகளைப் பார்த்தார். "தலைமுடின்னா தப்பா வெட்டினாலும் வளர்ந்துடும். கழுத்து வளருமாண்ணே?"

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். வீட்டம்மா கத்தியை அலமாரியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் துணுக்குகளைப் பெருக்க ஆரம்பித்தார்.

ரேடியோ ஸ்டூலிலிருந்து எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். விரல் மடங்காததால் அவர் முகத்திலும் பல நாள் தாடி.

"எனக்குப் போடு."

"வேணாங்க. காலையில கூட ஒண்ணு வெடிச்சுது."

"பலூன் ஆடும், வெடிக்கும். நான் ஆட மாட்டேன். புது பிளேடு மாட்டு."

வீட்டம்மா மாட்டினார். துண்டு போர்த்தி, பிரஷால் நுரை பூசினார். கன்னம் இரண்டும் ஒழுங்காக வந்தன. டிரைவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தாடைக்குக் கீழே வந்ததும் கத்தி நின்றது. வீட்டம்மா அதைத் துண்டில் துடைத்து, மறுபடி கழுத்தருகே கொண்டுபோய், தொடாமலே எடுத்துவிட்டார்.

கண்ணாடியில் ரேடியோவும் அதைப் பார்த்திருப்பார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு, தாடையை உயர்த்தி, தொண்டையை மனைவியின் கத்திப் பக்கம் நீட்டினார்.